வெள்ளித் துலக்கியம்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் திருகாணி இல்லாத கொலுசு. எங்கே கழன்று விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே முறைப்படி அதிலிருந்தே தொடங்குவோம்.

நூற்பெயர்: வெள்ளித் துலக்கியம். ஆக்கியோன்: துலக்கும் கை ஒருவருடையது, உரை சொல்லும் வாய் இன்னொருவருடையது என்ற நெடுநாள் வீட்டு மரபில் வாய்ப்பக்கம் நின்றவர். வழி: பாட்டிமார் வழியும் வேதியியல் வழியும். எல்லை: வடக்கே பூஜை அலமாரி, தெற்கே குளியலறைச் சோப்புப் பெட்டி, கிழக்கும் மேற்கும் பீரோ. யாப்பு: நான்கு இயலும் ஒரு புறனடையும். நுதலிய பொருள்: கொலுசு, மெட்டி, அரைஞாண்கொடி, காப்பு, சங்கிலி முதலாயின. கேட்போர்: மறுநாள் வளைகாப்பு என்றால் முந்தின இரவு நகைப்பெட்டியைத் திறந்து ‘ஐயையோ’ என்றவர்கள். பயன்: வெள்ளி மிஞ்சுதல்.

பயனாக ‘வெளுத்தல்’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. நூல் முழுவதும் அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இயல் 1: கருமை இயல்

*கறுத்த வெள்ளி கெட்ட தன்று;*
*தேய்ந்த வெள்ளி மீள்வ தின்று.*

என்பது நூற்பா. இதன் கருத்து: கறுப்பு கடன், தேய்ப்பு நட்டம். கடனை அடைத்துவிடலாம், நட்டம் போனது போனதுதான்.

அஃது எவ்வாறெனின்: வெள்ளி கறுப்பது இரும்பு துருப்பிடிப்பது போன்றதன்று. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் வெள்ளியை ஒன்றும் செய்வதில்லை. வெள்ளி மயங்குவது கந்தகத்திடம். காற்றில் மூக்குக்கு எட்டாத அளவில் உலவும் ஹைட்ரஜன் சல்பைடு பட்டாலே மேற்பரப்பில் வெள்ளிச் சல்பைடு என்னும் படலம் பிடிக்கும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். படலம் மெல்லியதாக இருக்கையில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா கலந்த நீலம், முடிவில் கறுப்பு என நான்கு படி. மஞ்சளில் கண்டவர் துணியோடு தப்பிப்பார்; கறுப்பில் கண்டவருக்கு மூன்றாம் இயல் முழுவதும் வேண்டும்.

இனி யாரும் நினைத்துப் பார்க்காத கணக்கு ஒன்று. அந்தக் கறுப்பை எடை போட்டால் 100 பங்கில் 87 பங்கு வெள்ளி. கந்தகம் 13 பங்குதான். ஆகவே துணி கறுக்கக் கறுக்கத் தேய்த்து, “எவ்வளவு அழுக்கு பாரேன்!” என்று வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுபவர் காட்டுவது தம் வீட்டு வெள்ளியையே. அந்தத் துணி அப்புறம் குப்பைக்குப் போகிறது.

*காற்றின் கருமை, கட்டின் கருமை,*
*மேனிக் கருமை, நீரின் கருமை,*
*செய்த கருமை எனஐந் தாகும்.*

காற்றின் கருமை சும்மா இருக்கும் நகைக்கு வருவது. சாக்கடை ஓரத்து வீட்டிலும், கூவத்துக்குப் பக்கத்துத் தெருவிலும், கந்தகம் கலந்த வெடிமருந்து ஊரெல்லாம் புகையும் தீபாவளிக் காலத்திலும் இது மிகும்.

கட்டின் கருமை நாமே கட்டி வைப்பது. கொலுசையும் பில்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்போர் பலர். ரப்பரை உறுதியாக்க அதில் கந்தகம் சேர்ப்பார்கள். ஓராண்டு கழித்துப் பிரித்தால் ரப்பர் இருந்த இடத்தில் மட்டும் கோடு கிழித்தாற்போல் கறுப்பு இருக்கும். கம்பளித் துணியும் இவ்வகை. கம்பளி மயிரிலேயே கந்தகம் உண்டு.

மேனிக் கருமை வேர்வை, எண்ணெய், தோல் களிம்பு, முட்டையும் வெங்காயமும் புழங்கிய கை ஆகியவற்றால் வருவது. இங்கே ஒரு வாதம் எழும். “உடம்புல சூடு ஜாஸ்தி, அதான் கொலுசு கறுக்குது” என்பது பாட்டிமார் கொள்கை. குழந்தையின் அரைஞாண்கொடி கறுத்தால் ‘திருஷ்டி கழிந்தது’ என்பது அவர்களுள்ளேயே ஒரு சாரார் கொள்கை. அங்ஙனமாயின், யாரும் போடாமல் மூன்றாண்டு பீரோவில் கிடந்த கொலுசு கறுத்தது யார் சூட்டால்? பீரோவுக்குத் திருஷ்டி வைத்தவர் யார்? இதற்கு விடை வராது. ஆயினும் ஆளுக்கு ஆள் வேர்வை வேறுபடுவதால் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கொலுசு அக்காள் காலில் ஒரு விதமாகவும் தங்கை காலில் வேறு விதமாகவும் கறுப்பதுண்டு. அந்த அளவுக்குப் பாட்டி சொன்னதில் பிழையில்லை.

நீரின் கருமை குளோரினால் வருவது. நீச்சல் குளமும் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியும் இதன் இருப்பிடம். குளோரின் பட்டு உண்டாகும் வெள்ளிக் குளோரைடு வெளிச்சம் பட்டால் கறுக்கும். 1839-இல் டால்பட் உலகுக்கு அறிவித்த ஒளிப்படத் தாளும் இந்தக் குணத்தை நம்பித்தான் பிறந்தது. கழிவறை கழுவும் முன் மோதிரத்தைக் கழற்றாதவர் தம்மையறியாமல் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

செய்த கருமை காசு கொடுத்து வாங்குவது. ‘ஆக்சிடைஸ்டு’ என்று கடையில் சொல்வார்கள். பெயரில்தான் ஆக்சிஜன், வேலை பெரும்பாலும் கந்தகத்தினுடையது. பள்ளத்தில் கறுப்பை நிறுத்தி மேட்டில் வெள்ளையை விட்டால் சித்திர வேலை எடுத்துத் தெரியும். இதை அழுக்கென்று மயங்கி வெளுத்துவிட்டு, ‘முன்னே மாதிரி எடுப்பாக இல்லையே’ என்று வருந்துதல் வழு.

இயல் 2: அணி இயல்

*போட்டிருப் பனவே உயர்திணை என்ப;*
*பூட்டிவைப் பனவெலாம் அஃறிணை யாகும்.*

தினம் காலிலும் கையிலும் கிடக்கும் வெள்ளி துணியிலும் தோலிலும் உரசிக்கொண்டே இருப்பதால் படலம் தங்க வழியில்லை. பூட்டி வைத்தது அப்படியன்று. அதற்கு நேரம் உண்டு, கந்தகத்துக்கும் நேரம் உண்டு. காலில் தங்கம் ஆகாது என்ற மரபினால் நம் வீடுகளில் வெள்ளிக்கு வாய்த்த இடம் கொலுசும் மெட்டியும். நாள்தோறும் தரையும் தண்ணீரும் படும் அந்த இடத்தில்தான் அது நன்றாக இருக்கிறது. பேத்திக்கு வேண்டும் என்று பத்திரப்படுத்தியது பேத்திக்குக் கறுப்பாகத்தான் கிடைக்கிறது.

இனி உடற்கூற்றால் வெள்ளி நான்கு வகை.

முதலாவது கலப்பு வெள்ளி. தனி வெள்ளி நகைக்கு ஆகாத அளவு மென்மையானது. அதனால் செம்பு சேர்ப்பார்கள். 925 என்ற முத்திரை இருந்தால் 1000-க்கு 925 பங்கு வெள்ளி. ஹால்மார்க் வரிசையில் 990, 970, 900, 835, 800 என்றும் படிகள் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற வெள்ளிச் சந்தைகளில் ‘டச்’ என்று கணக்குச் சொல்வார்கள். எண்பது டச் என்றால் நூற்றுக்கு எண்பது. டச் குறையக் குறையச் செம்பு தன் குணத்தைக் காட்டும். இடுக்குகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அது செம்பின் வேலை.

இரண்டாவது மேல்பூச்சு வெள்ளி. வெளியே வெள்ளி முலாம், உள்ளே பித்தளையோ செம்போ. இதைத் தேய்க்கத் தேய்க்க உண்மை வெளிப்படும். உண்மை மஞ்சளாக இருக்கும். வெள்ளி மேல் ரோடியம் பூசி வரும் சங்கிலிகளும் இவ்வகையில் அடங்கும். அவற்றுக்குத் துடைப்பே போதும்.

மூன்றாவது கூட்டு வெள்ளி. கல், முத்து, பவளம், எனாமல் பதித்தது. வெள்ளிக்கு மருந்தாவது இவற்றுக்கு விஷமாகும். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட். அமிலம் கண்டால் அரித்துப்போகும். பசையால் ஒட்டிய கல் வெந்நீரில் விடைபெறும்.

நான்காவது பெயர் வெள்ளி. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றின் கூட்டு. அதில் வெள்ளி ஒரு குன்றிமணி அளவும் இல்லை. இருந்தும் கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகளில் வெள்ளிக்குரிய மரியாதையோடு இது வீற்றிருப்பதால் நூலில் ஓர் ஓரம் கொடுத்தோம்.

இயல் 3: துலக்கு இயல்

*துடைத்தல் கழுவல் மீட்டல் கரைத்தல்*
*தேய்த்தல் கொடுத்தல் எனத்துலக் காறே;*
*பின்னது பின்னது இழப்பு மிகுமே.*

வரிசை அழகுக்காக வைத்ததன்று. முதல் வகையில் இழப்பு இல்லை என்றே சொல்லலாம். கடைசி வகையில் தராசு சொல்லும். ஒன்றில் தீராதபோதுதான் அடுத்ததற்கு இறங்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் ஐந்தாவதில் தொடங்கி ஆறாவதில் முடிப்பதே வழக்கம்.

துடைத்தலுக்குத் துவைத்துத் துவைத்து இழைந்த பழைய வேட்டித் துணி சிறப்பு. கழற்றியவுடன் ஈரத்துணியால் ஒரு முறை, உலர்துணியால் ஒரு முறை, நீளவாக்கில். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் கீறல் வட்டம் வட்டமாகத் தெரியும்.

கழுவலுக்கு உரியது பூந்திக்கொட்டை. நகை செய்யும் பத்தர்கள் பட்டறையில் நெடுங்காலமாக இருப்பது. கொட்டையை உடைத்து விதையை நீக்கி, தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் நுரை வரும். அந்த நீரில் கொலுசைக் கொஞ்ச நேரம் போட்டு, குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ்ஷால் இடுக்குகளைத் துலக்க வேண்டும். ஒரு கொலுசை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு சலங்கையின் அடியிலும், திருகாணியின் கழுத்திலும், கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்த இடத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. சோப்பு, பவுடர், தேங்காயெண்ணெய், பூசிய மஞ்சள், தெருப்புழுதி ஐந்தும் சேர்ந்து இறுகியது அது. கறுப்பென்று நம்மிடம் வரும் வழக்குகள் பலவும் உண்மையில் இந்த அழுக்கு வழக்குகளே. பூந்திக்கொட்டைக்கு இதைப் போக்கத் தெரியும். சல்பைடைப் போக்கத் தெரியாது. கழுவும்போது வாஷ்பேசினில் கழுவாமல் கிண்ணத்தில் கழுவுக. என்னை? திருகாணி ஓட்டையைத் தேடிப் போகும் இயல்புடைமையின்.

மீட்டல் வேதியியலார் தந்த கொடை. கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் நகை படும்படி வைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த சுடுநீரை ஊற்ற வேண்டும். சில நிமிடத்தில் கறுப்பு கலையும்; அழுகிய முட்டை வாடை லேசாக வரும். மூக்கைச் சுளிக்க வேண்டாம். அது கந்தகம் வெள்ளியை விட்டுக் கிளம்பும் வாடை. அலுமினியம் தன் எலெக்ட்ரான்களைக் கொடுத்துச் சல்பைடில் சிக்கிய வெள்ளியை விடுவிக்கிறது. விடுபட்ட வெள்ளி அங்கேயே தங்குகிறது. முதல் நூற்பாவில் கடன் என்றது இதைக் கருதியே. தாளில் படாத இடம் கறுப்பாகவே நிற்கும் என்பதால் நகையைத் திருப்பிப் போட வேண்டும். மங்கலாக வெளிவந்தால் பயப்படாமல் துணியால் துடைத்தால் பளபளப்பு திரும்பும். கல் பதித்தது, எனாமல் வைத்தது, மேல்பூச்சு, செய்த கருமை, உள்ளே கூடாக இருக்கும் உருளைக் கொலுசு ஆகிய ஐந்துக்கும் இம்முறை விலக்கு. கூட்டுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வர மறந்துவிடும்.

கரைத்தல் புட்டியில் விற்பது. தயோயூரியாவும் அமிலமும் கலந்த நீர்மம். முக்கிய சில நொடியில் கறுப்பு மறையும். மீட்டலில் வெள்ளி தங்கிவிடும். இதில் கறுப்போடு சேர்ந்து கரைந்து போகிறது. கையுறை வேண்டும், பிறகு நிறையத் தண்ணீரில் அலசவும் வேண்டும்.

புளிக் கட்சியாரையும் இங்கேயே விசாரித்துவிடலாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதே, வெள்ளிக்கு மட்டும் ஏன் ஆகாது என்பது அவர்கள் வாதம். பித்தளையில் இருக்கும் செம்பின் ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைக்கும்; வெள்ளிச் சல்பைடு அதற்கு மசியாது. பூஜை சாமான் தேய்க்கும் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கோடு வெள்ளிக் கிண்ணத்தையும் ஒரே புளித்தண்ணீரில் போடுவதால் வரும் மயக்கம் இது.

தேய்த்தல் மூவகைப்படும்: விபூதி, பற்பொடி, பற்பசை. விபூதியார் மூத்த குடி. நன்றாகச் சலித்த மென்சாம்பல் கையோடு இழையும். ஆனால் பாக்கெட்டில் வருவதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை அதைப் பூசிக்கொள்ளும் சிவனே அறிவான். பற்பசையார் இளைய குடி, ஊக்கம் அதிகம். பற்பசையில் உள்ள துகள்கள் பல்லின் எனாமலை மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்டவை. பிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையில் எனாமல் ஏறத்தாழ 5, வெள்ளி 2.5 முதல் 3 வரை. பல் தாங்கும் என்பதால் மெட்டி தாங்கும் என்று கொள்ளற்க. தேய்த்த அன்று பளபளக்கும். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நுண்கீறல்கள் தெரியும். பசையின் வெள்ளை, பூவேலைப் பள்ளங்களில் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்க ஊசி தேடுவார்கள். ஸ்டீல் நாரும் பாத்திரப் பொடியும் கொண்டு தேய்ப்போரை இந்நூல் துலக்குநராகக் கொள்ளவில்லை.

கொடுத்தல் என்பது கடைக்குப் பாலிஷ் போடக் கொடுப்பது. சூடுகாட்டி, அமிலத்தில் முக்கி, பிரஷ்ஷாலும் சக்கரத்தாலும் மெருகேற்றுவார்கள். புதிதுபோல் திரும்பி வரும். ஓரங்கள் மழுங்கி, பூவின் இதழ் கொஞ்சம் பட்டையாகி. இது தொடர்பான உரையாடல் ஊருக்கு ஊர் ஒரே வடிவில் நிகழ்வது:

“அண்ணே, எடை போட்டுட்டுப் பாலிஷ் போடுங்க.”

“தாராளமா போடுறேன்க்கா. ஆனா திரும்ப வாங்கறப்ப கொஞ்சம் குறையும். அழுக்கு போனா எடை குறையத்தானே செய்யும்?”

தருக்க நூலார்க்கும் இதை மறுத்தல் அரிது. ஆயினும் வழி உண்டு. பூந்திக்கொட்டை நீரில் வீட்டிலேயே அழுக்கைப் போக்கி, நன்றாக உலரவைத்துக் கொண்டுபோனால், குறைவது எதுவென்று அண்ணனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

ஆறு வகைக்கும் பொதுவிதி: ஈரத்தோடு எடுத்து வைக்காதே. துணியில் ஒற்றி, கண்ணிகளை உதறி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் கிடத்துக.

இயல் 4: வைப்பு இயல்

*காற்றும் ஈரமும் கந்தகப் பொருளும்*
*மூன்றும் தவிர்த்தல் வைப்பெனப் படுமே.*

வைக்கும் இடத்தால் வைப்போர் ஐவர்.

ரோஸ் காகிதத்தார்: கடையில் மடித்துக் கொடுத்த மெல்லிய ரோஸ் தாளிலேயே பதினைந்து வருடம் வைத்திருப்பவர்கள். தாள் நொறுங்கிவிடும், ஈரம் பட்டால் சாயம் ஒட்டும். அது கடையிலிருந்து வீடுவரை வருவதற்கான உடை.

மணிபர்சார்: கடைப்பெயர் அச்சடித்த ரெக்சின் பர்சில் எல்லாவற்றையும் திணிப்பவர்கள். உள்ளே சங்கிலியும் கொலுசும் பின்னிக்கொண்டு, பிரிக்க ஒரு பகல் ஆகும். ஒன்றோடொன்று உரசிக் கீறிக்கொள்வதும் உண்டு.

பூஜை அலமாரியார்: தீப்பெட்டி, ஊதுவத்தி, நகை மூன்றையும் ஒரே தட்டில் வைப்பவர்கள். தீக்குச்சித் தலையிலும் கந்தகம் உண்டு என்று இவர்களுக்குச் சொல்லுக.

கற்பூரத்தார்: நகைப்பெட்டியில் கற்பூரம் போட்டு வைப்பவர்கள். கற்பூரம் காற்றோடு போய்விடும் பொருள். அது எப்போது தீர்ந்தது என்பது பெட்டிக்குத்தான் தெரியும். பார்ப்பதற்காக வங்கி லாக்கரைத் திறக்கவா முடியும்?

ஜிப் பையார்: நெறியறிந்தவர்கள். சிறிய பாலித்தீன் ஜிப் பை, ஒரு பைக்கு ஒரு நகை, மூடுமுன் காற்றை அமுக்கி வெளியேற்றுதல். கூடவே மாத்திரைப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். கறுப்பைத் தடுக்கவென்றே விற்கும் காகிதப் பட்டை கிடைத்தால் இன்னும் நன்று. அது கந்தகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பைகளையெல்லாம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் இவர்களும் கெட்டார்கள்.

பட்டுச்சேலையின் அசல் சரிகையும் இவ்வியலுக்கு உட்பட்டது. அதன் உள்ளேயும் வெள்ளி இழையே ஓடுகிறது. அதை அந்துருண்டையோடு ஒட்டி வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பது மரபு.

ஐவர்க்கும் மேலான வைப்பு ஒன்று உண்டு. அது இரண்டாம் இயலிலேயே சொல்லப்பட்டது. எடுத்துப் போட்டுக்கொள்க. லாக்கர் வாடகை மிச்சம்.

புறனடை

சொன்ன விதிகள் செல்லாத இடங்களும் உண்டு. பழைய வெள்ளி நாணயத்தைத் துலக்கற்க. சேகரிப்போர் மதிப்பது அதில் காலம் ஏற்றிய நிறத்தைத்தான், துலக்கினால் விலை இறங்கும். தலைமுறை கண்ட தண்டையிலும் காப்பிலும் பள்ளத்தில் நிற்கும் கறுப்பை அப்படியே விடுக. வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிவது அதனால்தான்.

‘அப்படியானால் கறுத்த நகையோடு நாலு பேர் நடுவில் போவதா?’ என்பார்க்கு விடை: பழைய வெள்ளியைக் கடையில் போடும்போது, கறுத்திருக்கிறது என்று யாரும் விலை குறைப்பதில்லை. எடையைப் பார்ப்பார்கள், டச்சைப் பார்ப்பார்கள், கழிவு போக இவ்வளவு என்பார்கள். இருபது வருடம் பற்பசை போட்டுத் தேய்த்த உழைப்பு அந்தக் கணக்கில் கழித்தல் பக்கம்தான் வரும். வெண்மைக்கென்று தனியாக மதிப்புப் போடுபவர் சம்பந்தியம்மா ஒருவரே. அவர் வரும் நாளுக்கு முதல் வகைத் துலக்கே போதும் என்க.